வாங்காத மின்சாரத்துக்கு விலையா?

பவர் ஃபேக்டர் என்று சொல்லப்படும் மின்திறன் காரணி (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கின் விகிதம்) ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், தொழிற்சாலையின் மின்கட்டணப் பில்லில் கூடுதலாக ஒரு தொகை ஏறிவிடுகிறது. அந்தத் தொகை ஏறிய மாதங்களில் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் தொழில் நடத்துகிறவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரே விதமான ஆட்சேபம் கேட்கிறது. "ஓடின யூனிட்டுக்கெல்லாம் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டோம், ஓடாத யூனிட்டுக்கும் பணம் கேட்டால் அது பகற்கொள்ளை அல்லாமல் வேறென்ன?" என்கிறார்கள். இந்த அபிப்பிராயம் சாமானியர்களோடு நின்றுவிடவில்லை. கணக்குத் தணிக்கை செய்பவர்களும், யந்திரங்களோடு பழகிய இன்ஜினீயர்களில் சிலருங்கூட இதைத் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். பலர் சேர்ந்து பலகாலம் சொல்லிவந்ததனாலேயே நியாயத்தின் தோற்றத்தைப் பெற்றுவிட்ட இந்த வாதம் அடியோடு தவறானது என்பதும், அதை ஒப்புக்கொள்வதனால் கவனத்தோடு தொழில் நடத்துகிறவனுடைய பணம் கவனமில்லாதவனுடைய செலவுக்குப் போகிறது என்பதும் என் உறுதியான கருத்து.

மறுக்கப் புகுமுன் எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துச் சொல்லிவிடுவதே முறை. மோட்டாருக்குள் செல்லும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி சக்கரத்தைச் சுழற்றுகிறது. மற்றொரு பகுதி மோட்டாரின் இரும்பில் காந்தத்தை எழுப்பிவிட்டு, அந்தக் காந்தம் அடங்கும்போது வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. அந்த இரண்டாம் பகுதியால் ஒரு கடுகளவு வேலையும் நடப்பதில்லை. அதற்காக மின்நிலையத்தில் தனியே நிலக்கரி எரிவதில்லை. மேட்டூரிலோ பைக்காராவிலோ அதற்கென்று தண்ணீர் திறந்துவிடப்படுவதுமில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டவனிடம் விலை கேட்பது எந்த வியாபார தர்மத்திலும் சேராது என்பதே வாதம். இதில் சொல்லப்படும் பௌதிகம் ஏறக்குறைய முழுவதும் சரி. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஆகவே அந்தக் காந்த மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை மோட்டாருக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது. போகும்போதும் கம்பியின் வழியாகத்தான் போகிறது. வரும்போதும் கம்பியின் வழியாகத்தான் வருகிறது. விற்பனைக்கென்று கடைக்கு அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டால் சரக்கின் விலையைக் கேட்க முடியாது, வாஸ்தவம். ஆனால் லாரி வாடகையும் டிரைவர் சம்பளமும் போனது போனதுதானே? கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சுவிட்சும் கேபிளும் தம் வழியே ஓடும் மின்னோட்டம் வேலை செய்யப் போகிறதா, சும்மா சென்று திரும்பப் போகிறதா என்று பார்ப்பதில்லை. ஓடுகிற ஆம்பியருக்கு ஏற்றபடி அவை சூடேறுகின்றன. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. அந்தச் சூடு திரும்பி வருவதில்லை. அதற்கு நிலக்கரி எரிந்துதான் ஆகவேண்டும்.

இதற்குச் சாட்சி தேடிப் பாடப்புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தெருவோரத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் டிரான்ஸ்பார்மரின் வயிற்றில் அறைந்திருக்கும் பெயர்த்தகட்டைப் பார்த்தால் போதும். அதில், வேலை செய்வதும் செய்யாததுமான மொத்த மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் கே.வி.ஏ. கணக்கில், 63 கே.வி.ஏ. என்றோ 100 கே.வி.ஏ. என்றோ 250 கே.வி.ஏ. என்றோ பொறித்திருக்குமே தவிர, எத்தனை கிலோவாட் என்று எழுதியிருக்காது. எழுதவும் முடியாது, ஏனென்றால் அது எத்தனை கிலோவாட்டைத் தாங்கும் என்பது, அதிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுடைய பவர் ஃபேக்டரைப் பொறுத்த விஷயம். மின்நிலையத்து ஜெனரேட்டரின் தகட்டிலும் முதலில் நிற்பது இதே அளவுதான். மின்வாரியம் டிரான்ஸ்பார்மரைக் கே.வி.ஏ. கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறது, கம்பியை ஆம்பியர் கணக்கில் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அவற்றுக்கான கிரயத்தைக் கிலோவாட் கணக்கில் மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

ஒரே மாதிரியான இரண்டு பட்டறைகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் லேத்துகளும் டிரில்லிங் யந்திரங்களும் சேர்ந்து 70 கிலோவாட் வேலை நடக்கிறது. ஒன்றின் பவர் ஃபேக்டர் 0.70, மற்றதன் பவர் ஃபேக்டர் 0.95. முதல் பட்டறை 415 வோல்ட்டில் ஏறத்தாழ 139 ஆம்பியர் இழுத்து, 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தனியாளாகவே நிரப்பிவிடுகிறது. இரண்டாம் பட்டறை அதே உற்பத்தியை ஏறத்தாழ 102 ஆம்பியரிலும் 74 கே.வி.ஏ.விலும் முடித்துக்கொள்கிறது. இருவருக்கும் பொதுவான கம்பியில் முதல் பட்டறையின் மின்னோட்டம் உண்டாக்கும் சூடு, இரண்டாவதன் சூட்டைவிட நூற்றுக்கு 84 பங்கு அதிகம். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்தால், முதல் வகைப் பட்டறைகளில் இரண்டுக்கு மேல் தாங்காது. இரண்டாம் வகையில் மூன்று பட்டறைகளைத் தாங்கி மீதியும் இருக்கும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும், யூனிட் மீட்டர் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பில்லில் யூனிட் ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்கிற கட்சியை ஏற்றுக்கொண்டால், இருவரும் ஒரே தொகை கட்ட வேண்டியதாகும்.

இதைக் கண்ணாரப் பார்க்க விரும்புகிறவர்கள், தங்கள் பட்டறை எலக்ட்ரீஷியனிடம் ஒரு கிளாம்ப் மீட்டரை எடுத்துவரச் சொல்லலாம். மெயின் கேபிளின் ஒரு ஃபேஸில் அதைக் கவ்வவிட்டு, எல்லா யந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் காந்த மின்னோட்டத்தைப் பட்டறைக்குள்ளேயே தந்துவிடும் கெபாசிட்டர் பேனலின் சுவிட்சை இறக்கினால் ஆம்பியர் சட்டென்று ஏறும். மறுபடி சுவிட்சைப் போட்டால் கான்டாக்டர்கள் ஒவ்வொன்றாக ‘டக் டக்’கென்று விழ, ஆம்பியர் படிப்படியாக இறங்கும். அதே சமயத்தில் மின்வாரியத்து மீட்டரில் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கையும் கவனிக்க வேண்டும். ஆம்பியர் ஏறினாலும் இறங்கினாலும் அதன் சிமிட்டலில் கண்ணுக்குத் தெரிகிற மாறுதல் இராது. யூனிட் மீட்டர் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும். மீட்டரில் ஓடாதது கம்பியிலும் ஓடவில்லை என்ற எண்ணம்தான் இந்த விவகாரம் முழுவதற்கும் மூலகாரணமான பிரமை. கிளாம்ப் மீட்டரின் முன் அது நிற்பதில்லை.

மின்சாரத்தின் விலை யூனிட் ஒன்றினால் மட்டும் தீர்மானிக்கப்படத் தக்கதன்று என்பது நேற்று முளைத்த கருத்தல்ல. 1892-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய இன்ஜினீயர் ஜான் ஹாப்கின்ஸன், மின்சாரத்தைத் தயாரித்துக் கொடுக்கும் செலவு வேறு, கேட்கும் நேரத்தில் கொடுப்பதற்குத் தயாராக யந்திரங்களையும் கம்பிகளையும் நிறுத்தி வைத்திருக்கும் செலவு வேறு என்று விளக்கி, இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் வாங்குவதே நியாயம் என்று நிலைநாட்டினார். இன்று உயர்வழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு மில்லும் கட்டிவருகிற டிமாண்ட் கட்டணத்தின் பூர்விகம் அதுதான். அந்தக் கட்டணம் கே.வி.ஏ. கணக்கில் இருப்பதைப் பற்றி எவரும் ஆட்சேபிப்பதில்லை. கே.வி.ஏ. என்ற அளவுக்குள், ரியாக்டிவ் மின்சாரம் எனப்படும் அந்தச் சென்று திரும்பும் மின்னோட்டம் அடங்கியே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கொள்கையளவில் அனைவரும் ஒப்புக்கொண்ட ஒன்றை அதன் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது மட்டும் மறுக்கிறோம் என்பது விளங்கும்.

மின்வாரியத்தார் தங்களுக்குப் பொருந்தாத விதியைத் தொழிலதிபர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றும் குறை சொல்லப்படுகிறது. இது உண்மைக்கு மாறானது. மாநிலங்களுக்கிடையேயான மின்தொகுப்பில், ஒரு மாநிலம் தன் தேவைக்கு ரியாக்டிவ் மின்சாரத்தை வெளியிலிருந்து இழுக்கும்போது, இணைப்பு முனையில் வோல்டேஜ் நூற்றுக்கு 97 பங்குக்குக் கீழே இருக்குமானால், அந்த மாநிலம் பணம் கட்ட வேண்டும். அந்த நிலையில் ரியாக்டிவ் மின்சாரத்தைக் கொடுத்து உதவுகிற மாநிலத்துக்குப் பணம் கிடைக்கும். வோல்டேஜ் 103 பங்குக்கு மேலே ஏறியிருக்கும்போது கணக்குத் தலைகீழாகும். 2010-ஆம் ஆண்டின் இந்திய மின்தொகுப்பு விதிகள், இதற்கு, ரியாக்டிவ் மின்சாரத்தின் அலகான ஒரு கே.வி.ஏ.ஆர். மணிக்கு 10 பைசா என்று விலை வைத்து, ஆண்டுதோறும் அதை அரைப் பைசா உயர்த்திக்கொண்டே போகவும் விதித்தன. ஆகவே தமிழ்நாடு என்ற முழு மாநிலமே இந்தக் கட்டணத்துக்கு உட்பட்டதுதான். அதைவிடக் கூர்ந்து பார்க்கத்தக்க உதாரணம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகள். அவை மின்சாரத்தை வாங்குவதற்காக அல்ல, உற்பத்தி செய்து கொடுப்பதற்காக நிற்பவை. ஆயினும் அவற்றில் உள்ள இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள் காந்தமேறுவதற்கு ரியாக்டிவ் மின்சாரத்தைத் தொகுப்பிலிருந்தே இழுப்பதனால், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவற்றுக்கு ஒரு கே.வி.ஏ.ஆர். மணிக்கு 25 பைசா என்றும், உற்பத்தி செய்த யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுத்தால் இரண்டு மடங்கு என்றும் கட்டணம் விதித்தது. மின்சாரம் கொடுப்பவனிடம் கேட்பது நியாயமாக இருக்கையில், எடுப்பவனிடம் கேட்பது மட்டும் எப்படி அநியாயமாகும்?

"அப்படியானால் கெபாசிட்டரை மின்வாரியமே துணைமின் நிலையத்தில் மொத்தமாக வைத்துக்கொள்ளட்டுமே, ஒவ்வொரு பட்டறைக்காரனையும் ஏன் வதைக்க வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. துணைமின் நிலையங்களில் கெபாசிட்டர்கள் வைத்திருக்கத்தான் செய்கிறார்கள், வைக்கவும் வேண்டும். ஆனால் அங்கே வைக்கிற கெபாசிட்டர், அதற்கு மேலே உள்ள கம்பிகளின் பாரத்தைத்தான் குறைக்கும். துணைமின் நிலையத்திலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வழியாகப் பட்டறையின் மீட்டர் வரையில் வருகிற நெடுந்தூரக் கம்பி, முன்போலவே முழு ஆம்பியரையும் சுமந்து சூடேறிக்கொண்டிருக்கும். நஷ்டத்தின் பெரும்பகுதி நிகழ்வது தாழ்வான வோல்டேஜில் ஓடும் அந்தக் கடைசித் தூரத்தில்தான். தவிரவும், ரியாக்டிவ் மின்சாரம் தொலைதூரத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளத் தக்க பொருளன்று. வரும் வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும். 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கியதற்குரிய காரணங்களில், கிளீவ்லாந்து–ஆக்ரன் வட்டாரத்தில் ரியாக்டிவ் மின்சாரம் போதாமல் போனதும் ஒன்று என்று இருநாட்டு விசாரணைக் குழு கண்டறிந்தது. தேவைப்படுகிற இடத்தின் பக்கத்திலேயே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இதனால் ஏற்படும் முடிவு. மோட்டாருக்கு மோட்டாரின் அருகைவிடப் பக்கமான இடம் வேறில்லை.

சிறு தொழில் நசிந்துவிடும் என்ற முறையீட்டை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. ஆனால் நசிப்பது எது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் பட்டறை, தன் பவர் ஃபேக்டரை 0.95-க்கு உயர்த்துவதற்கு வேண்டிய கெபாசிட்டர் ஏறக்குறைய 48 கே.வி.ஏ.ஆர்.; ஒரு நடுத்தர லேத்தின் விலையோடு ஒப்பிட அதன் விலை அற்பமே. பல பட்டறைகளில் கெபாசிட்டர் இல்லாமலும் இல்லை. பேனலைத் திறந்து பார்த்தால், வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து வயிறு உப்பிப்போன டப்பாக்களும், ஃபியூஸ் போய் யாரும் மாற்றாமல் விட்ட கெபாசிட்டர்களும் வரிசையாக நிற்கும். 4 குதிரைசக்தி போதுமான யந்திரத்துக்குக் கைக்குக் கிடைத்த 10 குதிரைசக்தி மோட்டாரை மாட்டி அரைகுறைச் சுமையில் ஓட்டுவதும் வழக்கமாக இருக்கிறது. சுமை குறைந்த மோட்டாரின் பவர் ஃபேக்டர் படுமோசமாக இறங்கும். இந்தக் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட சிறுதொழில்காரனும் அதே தெருவில் இருக்கிறான் என்பதை, முறையீடு செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கட்டணத்தை எடுத்துவிட்டால் அந்த நஷ்டம் மறைந்துபோகாது. யூனிட் விலையில் கலந்து எல்லார் தலையிலும் விழும். கெபாசிட்டருக்குக் கைக்காசு செலவழித்தவன், செலவழிக்காதவனுடைய கம்பிச் சூட்டுக்கும் சேர்த்துக் கட்டுவான். இதைச் சிறு தொழிலுக்குச் செய்யும் உபகாரம் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

இந்தக் குழப்பத்தின் மற்றொரு பக்கம் வீடுகளில் தலைகாட்டுகிறது. பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று சொல்லி விற்கப்படும் சிறு பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கெபாசிட்டர்தான். வீட்டுப் பில் யூனிட்டைக் கொண்டே போடப்படுவதால், அதனால் ஒரு பைசாவும் குறையாது. தொழிற்சாலைக்காரர் இல்லாத அநீதியைக் கண்டு கோபிப்பதும், குடித்தனக்காரர் இல்லாத சேமிப்பை நம்பி ஏமாறுவதும் ஒரே அறியாமையின் விளைவுகள்.

இதுவரை சொன்னதிலிருந்து, இப்போதிருக்கும் கட்டண முறையை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கொள்கை சரி, செயல்படுத்தும் விதம் சரியில்லை. தமிழ்நாட்டில் உயர்வழுத்த இணைப்புகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் விதியின்படி, பவர் ஃபேக்டர் 0.90-லிருந்து 0.85 வரை குறையும்போது ஒவ்வொரு 0.01-க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதல், 0.85-க்குக் கீழே போனால் 0.90-லிருந்தே கணக்கிட்டு ஒவ்வொரு 0.01-க்கும் 1.5 சதவீதம்; 0.75-க்குக் கீழே 2 சதவீதம். இதன் பலனைக் கணக்குப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. 0.85-இல் நிற்பவன் 5 சதவீதம் கட்டுகிறான், 0.84-க்கு வழுக்கியவன் 9 சதவீதம் கட்டுகிறான். 0.75-க்கு 22.5 சதவீதம்; 0.74-க்கு 32 சதவீதம். 0.75-க்கும் 0.74-க்கும் இடையே கம்பியில் ஏறும் ஆம்பியரின் வித்தியாசமோ நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. இவ்வளவு சிறிய குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தொகையைப் பிடுங்கும்போதுதான், கட்டணம் தண்டனையாகத் தோன்றி, நான் மறுக்க முயலும் ஆட்சேபத்துக்கே உரமாகிறது. மறுபக்கத்தில், 0.90-ஐத் தொட்டுவிட்டவனுக்கு மேலே ஏறுவதற்கு இந்த விதியில் எந்தத் தூண்டுதலும் இல்லை, 0.90-இல் உண்டாகும் கம்பி நஷ்டம், முழு ஒன்றில் உண்டாவதைக் காட்டிலும் நூற்றுக்கு 23 பங்கு அதிகமாக இருந்தும், அந்த நஷ்டம் எவருடைய கணக்கிலும் ஏறாமல் பொதுவில் கரைகிறது.

மகாராஷ்டிரம், டில்லி, இமாசலப் பிரதேசம் முதலிய இடங்களில் பெரிய நுகர்வோருக்கு யூனிட்டையே விட்டுவிட்டுக் கே.வி.ஏ. மணிக் கணக்கில் பில் போடும் முறை வந்திருக்கிறது. படிக்கட்டுகளும் எல்லைக்கோடுகளும் இல்லாமல், பவர் ஃபேக்டரின் ஒவ்வோர் அசைவும் பில்லில் தானாகவே பிரதிபலிக்கிறது என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அதிலும் ஒரு பிசகு உண்டு. 0.70-இல் இருப்பவன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.43 கே.வி.ஏ. மணிக்கு விலை கொடுக்கிறான். அந்த விலையில் அடங்கிய நிலக்கரிச் செலவோ 1.43 மடங்காகவில்லை. நிலக்கரிக்கும் கம்பிக்கும் ஒரே தராசை வைப்பதனால் வரும் கோணல் இது. என் அபிப்பிராயத்தில் நேரான வழி, யூனிட்டுக்கு யூனிட் விலை, கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் கே.வி.ஏ. விலை, இழுத்த ரியாக்டிவ் மின்சாரத்துக்குக் காற்றாலைகளுக்கு வைத்ததுபோல் கே.வி.ஏ.ஆர். மணிக்கு இத்தனை பைசா என்று வெளிப்படையான சிறு விலை என மூன்றையும் மூன்று வரியில் எழுதிவிடுவது. தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு நிலைக் கட்டணத்தை இன்னும் கிலோவாட்டில் வைத்திருப்பதையும் கே.வி.ஏ.வுக்கு மாற்ற வேண்டும். அத்துடன், சுமை குறைந்த இரவு நேரத்தில் கெபாசிட்டரை அணைக்காமல் விட்டு, ஊர் வோல்டேஜை உயர்த்தி ஊறு செய்பவனுடைய கணக்கும் தனியே தெரியும்படி, இழுத்ததையும் திருப்பித் தள்ளியதையும் பிரித்துக் காட்டும் மீட்டர் வேண்டும். அத்தகைய மீட்டர்கள் இப்போது அரிய பொருளல்ல. மின்வாரியம் பில்லில் வெறுமனே ஒரு தொகையைப் போடாமல், இந்த மாதம் உங்கள் கே.வி.ஏ.ஆர். இவ்வளவு, இத்தனை கெபாசிட்டர் இருந்திருந்தால் இவ்வளவு மிச்சம் என்று இரண்டு வரி சேர்த்தால், பட்டறைக்காரரின் கோபத்தில் பாதி அந்தக் காகிதத்திலேயே தணிந்துவிடும்.

கடைசியாக, தொழிலதிபர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு முழுச் சம்மதமான ஒன்று இருக்கிறது. "எங்களிடம் புள்ளிக்குப் புள்ளி கணக்குப் பார்க்கிறீர்களே, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளின் பவர் ஃபேக்டரைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. 1990 முதல் அவற்றுக்கு மின்சாரம் இலவசம். மிகப்பெரும்பாலானவற்றுக்கு மீட்டரும் இல்லை. விலையே இல்லாத இடத்தில் விலையைக் கொண்டு எவரையும் திருத்த முடியாது. ஆனால் அந்த மோட்டார்கள் இழுக்கும் வீண் ஆம்பியரால் முதலில் பாதிக்கப்படுகிறவரும் விவசாயியே. நீண்ட கம்பியின் கோடியில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறி, காயில் எரிந்து, அறுவடை நெருங்கும் வேளையில் ரீவைண்டிங் கடையில் அவர் காத்துக்கிடப்பதை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். இங்கே கட்டணத்துக்குப் பதிலாகக் கடமையைத்தான் வைக்க முடியும். அந்தக் கடமை மின்வாரியத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு மோட்டார் கொட்டகையிலும் வாரியம் தன் செலவில் கெபாசிட்டரைப் பொருத்திப் பராமரித்து, அந்தச் செலவை இலவச மின்சாரத்துக்காக அரசாங்கம் கொடுக்கும் மானியத்தோடு சேர்த்துக் கேட்டுப் பெற வேண்டும். செய்தார்களா இல்லையா என்று பார்க்கப் பம்புசெட்டுக்குப் பம்புசெட் மீட்டர் வைக்கத் தேவையில்லை. விவசாயச் சுமை ஓடும், ஃபீடர் எனப்படும் மின்தடங்களுக்குத் துணைமின் நிலையத்தில் மீட்டர் வைத்து, அவற்றின் பவர் ஃபேக்டரை ஃபீடர் பெயரோடு மாதந்தோறும் வெளியிட்டு, தொழிற்சாலைக்கு விதித்த அதே அளவுக்குக் கீழே எந்த ஃபீடர் இறங்கியிருந்தாலும் அதற்குரிய தொகையை யூனிட் விலையில் ஏற்ற வாரியத்தை அனுமதிக்க மாட்டோம் என்று ஒழுங்குமுறை ஆணையம் தன் அடுத்த கட்டண உத்தரவில் எழுதிவிடலாம்.